எஸ்யூவிக்குள் ஒரு படுக்கை, அடியில் டிராயர்

எஸ்யூவியின் பின்பக்கம் பலகை போட்டு, அடியில் டிராயர் வைத்துப் படுக்கை செய்யப் போகிறேன் என்று யாராவது யோசனை கேட்டால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: "மடிச்ச சீட்டுல இருந்து கூரை வரைக்கும் எவ்வளவு உயரம் இருக்கு?" பெரும்பாலும் பதில் வராது. நீளமும் அகலமும் அளந்து வைத்திருப்பார்கள். எந்த டிராயரில் எதை வைப்பது என்று படம்கூடப் போட்டிருப்பார்கள். உயரத்தை மட்டும் விட்டிருப்பார்கள். இந்த வேலையில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது அந்த உயரம்தான். டிராயருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு இன்ச்சும் படுப்பவரின் தலைக்கு மேலிருந்து எடுத்தது.

எங்களுடையது மஹிந்திரா எக்ஸ்யூவி 500. மூன்றாவது வரிசை சீட்டுகள் மடிந்து தரைமட்டமாகிவிடும், இரண்டாவது வரிசையும் மடங்கும். ஈரோட்டில் இருக்கிறோம். என் மனைவிக்குப் பறவை பார்ப்பதில் தீராத ஆசை. அந்த ஆசை உள்ளவர்கள் விடியும்போது ஏரிக்கரையில் நின்றாக வேண்டும். கூந்தன்குளமோ கோடியக்கரையோ போனால் நல்ல லாட்ஜ் தள்ளி வேறு ஊரில் இருக்கும். மூன்றரை மணிக்கு எழுந்து, கேட்டைத் திறக்க வாட்ச்மேனை எழுப்பி, இருட்டில் ஓட்டிக்கொண்டு போவதைவிட, போகிற இடத்துக்கு அருகிலேயே வண்டியில் படுத்து எழுவது எவ்வளவோ மேல். சீட்டை மடித்து மெத்தையை விரித்து அப்படிப் படுத்தும் வந்தோம். படுக்கை ஒரு பிரச்சினையாகவே இல்லை, சாமான்தான் பிரச்சினை. பை, ட்ரைபாட், அடுப்பு, தண்ணீர், செருப்பு எல்லாவற்றையும் முன்சீட்டுக்கு மாற்றினால்தான் படுக்க இடம் கிடைக்கும். காலையில் அத்தனையும் திரும்பப் பின்னால் போக வேண்டும். டிராயர் வேண்டும் என்று தோன்றியது அதனால்தான்.

சரி, உயரக் கணக்குக்கு வருவோம். சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தால் எனக்குத் தரையிலிருந்து உச்சந்தலை வரை சுமார் 35 இன்ச். எங்கள் வண்டியில் மடித்த சீட்டுக்கு மேல் கூரை வரை இருப்பது அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். ஆக, அடியில் டிராயர் என்று வந்துவிட்டால் நிமிர்ந்து உட்காரும் ஆசையை விட்டுவிட வேண்டும். அடுத்த கேள்வி, புரண்டு படுக்க முடியுமா என்பது. ஒருக்களித்துப் படுக்கும்போது மேல் தோள் கிட்டத்தட்ட 18 இன்ச் உயரத்துக்கு வரும். புரளும்போது தோள் இன்னும் கொஞ்சம் தூக்கும், முழங்கையை ஊன்றி எழ அதற்கு மேலும் வேண்டும். மெத்தைக்கு மேல் 22 இன்ச்சாவது காலியாக இருந்தால்தான் அது படுக்கை. நண்பர் ஒருவர் தன் வண்டியில் 15 இன்ச் உயரத்துக்குப் பெட்டி அடித்திருக்கிறார். டிராயர்கள் அருமையாக இருக்கும், பார்த்தால் ஆசையாக இருக்கும். ஆனால் அதில் மல்லாந்து படுத்தவர் விடியும் வரை மல்லாந்தேதான் கிடக்க வேண்டும்.

நாங்கள் மேல்பலகை வரை பத்தரை இன்ச் என்று முடிவு செய்தோம். மடித்த இரண்டாம் வரிசை சீட்டின் முதுகு இருக்கும் மட்டத்துக்குக் கீழே போக முடியாது, படுக்கை சமமாக வராது. டிராயரில் வைக்கப் போகிற பொருள்களில் எது உயரமோ அதற்கும் இடம் வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒத்துவந்த குறைந்தபட்ச அளவு பத்தரை. டிராயரின் உள் உயரம் 8 இன்ச் கிடைக்கிறது. பாத்திரம், சின்ன அடுப்பு, படுக்கவைத்த 5 லிட்டர் தண்ணீர் கேன், பைனாகுலர் பெட்டி எல்லாம் அதில் அடங்கும். 20 லிட்டர் கேன் அடங்காது. அதன் குறுக்களவே பத்து இன்ச்சுக்கு மேல். அது முன்சீட்டுக்குக் கீழே கால் வைக்கும் இடத்தில் நிற்கிறது. அந்த ஒரு கேனுக்காகப் பெட்டியை உயர்த்தியிருந்தால் ராத்திரி முழுக்க இரண்டு பேரும் அதற்கு வாடகை கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

அளவெடுத்ததும் பிளைவுட் கடைக்கு ஓடாதீர்கள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டிகளைக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதை வெட்டி, டேப் ஒட்டி, பெட்டியின் முழு அளவுக்கு வண்டிக்குள்ளேயே ஒரு மாதிரி செய்து பாருங்கள். வண்டியின் உட்புறத்தில் நேர்கோடு என்பதே கிடையாது. சக்கரத்துக்கு மேலே உள்பக்கம் புடைத்திருக்கும் வீல் ஆர்ச்சின் வளைவு, பக்கவாட்டு பிளாஸ்டிக்கின் புடைப்பு, சீட் பெல்ட் வந்து இறங்கும் இடம், இதெல்லாம் அளக்கும் டேப்பில் தெரியாது, அட்டை வைத்து வெட்டினால் உடனே தெரியும். அந்த அட்டையையே ஆசாரியிடம் கொடுத்தால் பிளைவுட்டில் அப்படியே வரைந்து வெட்டிவிடுவார். டிக்கி கதவை மூடியும் பார்க்க வேண்டும். கதவின் உட்பக்கம் கொஞ்சம் உள்வாங்கி வரும், கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். டிராயர் முகப்பு, அதன் கைப்பிடி, தாழ்ப்பாள் எல்லாம் அதில் இடிக்காமல் இருக்க ஒன்றரை இன்ச்சாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்புறம் பழைய பலகை ஏதாவது ஒன்றை அதே உயரத்துக்கு முட்டுக் கொடுத்து, வீட்டு வாசலிலேயே ஒரு ராத்திரி வண்டிக்குள் படுத்துப் பாருங்கள். காகிதத்தில் தெரியாதது அந்த ராத்திரியில் தெரிந்துவிடும்.

பெட்டியின் அமைப்பு இதுதான். வீல் ஆர்ச்சுகளுக்கு நடுவே உட்காரும் ஒரு பெட்டி, டிக்கி வாசலில் இருந்து இரண்டாம் வரிசை சீட்டின் முதுகு வரை 42 இன்ச் நீளம். மூன்று செங்குத்துப் பலகைகள், மேலே ஒரு பலகை. மேல்பலகை மட்டும் வீல் ஆர்ச்சுகளுக்கு மேலேயும் நீண்டு 44 இன்ச் அகலம் வரும். அதன் முன்விளிம்பில் முழு நீளத்துக்கும் பியானோ கீல் வைத்து, 30 இன்ச்சுக்கு ஒரு மடக்குப் பலகை. சாதாரண நாட்களில் மடக்கு பெட்டியின் மேலேயே கவிழ்ந்து கிடக்கும். இரண்டாம் வரிசையில் வழக்கம்போல மூன்று பேர் உட்காரலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடலாம், காய்கறி வாங்கப் போகலாம். படுக்கும்போது இரண்டாம் வரிசையை மடித்து, முன்சீட்டுகளை முன்னால் தள்ளி, மடக்கை விரித்தால் 72 இன்ச், அதாவது ஆறடி. மடக்கின் முன்முனைக்கு அடியில் இரண்டு கழற்றும் கால்கள். தினமும் ஓடுகிற வண்டியில் இரண்டாம் வரிசையைக் காவு கொடுத்து நிரந்தரப் படுக்கை போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் அது வெறும் பலகையாகத்தான் கிடக்கும்.

பிளைவுட் விஷயத்தில் எங்கள் ஆசாரி அண்ணனுக்கும் எனக்கும் நீண்ட பேச்சு நடந்தது. வீட்டு வார்ட்ரோப், கிச்சன் என்று முப்பது வருஷம் வேலை செய்தவர். "பதினெட்டே போட்டுருலாங்க சார், யானை ஏறி நின்னாலும் தாங்கும்" என்றார். வீட்டுக்கு அது சரி. வண்டிக்கு எடைதான் எதிரி. 8க்கு 4 அடி ஷீட் ஒன்று 18 மி.மீ.யில் 33 கிலோ வரும், 12 மி.மீ.யில் 22 கிலோவில் முடிந்துவிடும். எங்களுக்கு 12 மி.மீ. ஷீட் இரண்டும், டிராயர் அடிப்பலகைக்கு 6 மி.மீ. கொஞ்சமும் போதுமானதாக இருந்தது. வெட்டியது போக, கீல், டிராயர் ஓடும் சேனல் எல்லாம் சேர்த்து 40 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. 18 மி.மீ.யில் செய்திருந்தால் 55 கிலோவைத் தாண்டியிருக்கும். அந்த 15 கிலோவை வருஷம் முழுக்கச் சுமக்க வேண்டும், பெட்டியை இறக்கும்போது இடுப்பும் சுமக்க வேண்டும்.

12 மி.மீ. தாங்குமா என்று கேட்டால், படுப்பதற்குத் தாராளமாகத் தாங்கும். படுத்தால் உடம்பின் எடை பரவிவிடும். பலகைக்கு உண்மையான சோதனை, முழங்காலை ஊன்றி ஏறும்போதுதான். அந்த ஒரு நொடியில் முழு எடையும் உள்ளங்கை அளவு இடத்தில் இறங்குகிறது. அதனால் செங்குத்துப் பலகைகளுக்கு நடுவே மேல்பலகையின் அடியில் 1க்கு 2 இன்ச் ரீப்பர் கட்டைகளைக் குறுக்கே ஓடவிட்டோம். 12 மி.மீ. பிளையின் விளிம்பில் நேராக ஸ்க்ரூ ஏற்றினால் அடுக்கு பிரியும், பிடிப்பும் இருக்காது. மூலைகளிலும் ரீப்பர் கொடுத்து, பசை தடவி, முதலில் சின்னத் துளை போட்டு, அப்புறம் ரீப்பருக்குள் ஸ்க்ரூ இறங்குகிற மாதிரி செய்தால் ஆட்டமே கிடையாது. ஆசாரி அண்ணன் முடித்ததும் தானே முழங்கால் போட்டு ஏறிப் பார்த்துவிட்டு, "பரவால்லீங்க, பன்னெண்டே போதும்" என்றார்.

பிளை எடுக்கும்போது பி.டபிள்யூ.பி. தரம், ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கொதிநீர் தாங்கும் பசையில் ஒட்டியது அது. கடைக்காரர்கள் மரைன் பிளை என்பார்கள். வண்டிக்குள் தண்ணீர் கொட்டும், ஈரத்துணி கிடக்கும், மழையில் டிக்கி திறந்திருக்கும். வெட்டிய விளிம்புகளுக்கெல்லாம் வார்னிஷ் இரண்டு கோட் கட்டாயம், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். ஸ்க்ரூ, தாழ்ப்பாள், கீல் எல்லாம் 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் உப்பளக் காற்றில் போய் வந்தால் சாதாரண இரும்பு ஸ்க்ரூவின் தலையில் சீக்கிரமே பழுப்பு கட்டிவிடுகிறது.

இப்போது டிராயர். இதில்தான் மனசைச் செலவழிக்க வேண்டும். கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற டெலிஸ்கோப்பிக் சேனல் 24 இன்ச் வரைதான். 45 மி.மீ. உயரமுள்ள நல்ல பால் பேரிங் சேனல் ஒரு ஜோடி 35 கிலோவில் இருந்து 45 கிலோ வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். ஒவ்வொரு பக்கமும் 13 மி.மீ. இடைவெளி கேட்கும். ஆக, திறப்பின் அகலத்தில் 26 மி.மீ. கழித்து டிராயரைச் செய்ய வேண்டும். இதில் 2 மி.மீ. குறைந்தாலும் கூடினாலும் டிராயர் சிக்கும், அல்லது கழன்று தொங்கும். வீட்டு அலமாரியில் இதைச் சமாளிக்கலாம். வண்டியில் உடம்பே முறுக்கிக் கொடுக்கும், ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் பெட்டியும் துளி முறுக்கிக் கொள்ளும். சமமான தரையில் சரியாக ஓடுவதைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடாமல், ஒரு சக்கரத்தை நடைபாதை மேட்டில் ஏற்றி நிறுத்தியும் இழுத்துப் பாருங்கள்.

இரண்டு டிராயரையும் ஒரே மாதிரி செய்யவில்லை. வலது பக்கம் 24 இன்ச் சேனலில் சமையல் டிராயர். அடிக்கடி இழுப்பது அது, லேசாக வர வேண்டும், முழுதாக வெளியே வர வேண்டும். அதற்குப் பின்னால் மிஞ்சும் இடத்தை மேலிருந்து மூடி திறந்து எடுக்கும் அறையாக விட்டாயிற்று. மாற்றுத்துணி, முதலுதவிப் பெட்டி, டார்ச் அங்கே. இரண்டாம் வரிசைக் கதவைத் திறந்தாலே கை எட்டும். இடது பக்கம் சேனலே இல்லாத நீள டிராயர், 40 இன்ச். ட்ரைபாட், குடை, மடக்கு நாற்காலி எல்லாம் இதில்தான். அடிப்பக்கம் சன்மைக்கா ஒட்டி, அது ஓடுகிற தடத்திலும் சன்மைக்கா ஒட்டி, மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டோம். வழுக்கிக்கொண்டு வருகிறது. தூசி புகுந்து கெட்டுப்போக இதில் பேரிங் இல்லை, ஆடிச் சத்தம் போடவும் ஒன்றும் இல்லை. பக்கத்துக்கு 13 மி.மீ. வீணாவதும் மிச்சம். இப்போது யாராவது கேட்டால், தினம் பத்து தடவை திறக்காத டிராயருக்குச் சேனல் வேண்டாம் என்றே சொல்வேன்.

தாழ்ப்பாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கொல்லிமலைக்கு ஏறும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே, டிக்கி கீழே. பால் பேரிங் சேனலில் 20 கிலோ சாமானோடு இருக்கிற டிராயர் தானாகவே பின்னால் உருண்டு டிக்கி கதவில் சாய்ந்து நிற்கப் பார்க்கும். மேலே போய் கதவைத் தூக்கினால் அவ்வளவும் முழங்காலுக்கு வரும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மூக்கு கீழே சாய்கிற மாதிரி நிறுத்தி, டிராயரை இழுத்துச் சமைத்துக்கொண்டிருந்தால், அது மெல்ல உள்ளே போய் விரலைக் கடிக்கும். ஆகவே மூடிய நிலையில் ஒரு பூட்டு, முழுதாகத் திறந்த நிலையில் ஒரு பூட்டு, இரண்டும் வேண்டும். நாங்கள் டிராயரின் பக்கவாட்டுப் பலகையில், முகப்பை ஒட்டினாற்போல உள்பக்கமாக ஒரு டவர் போல்ட் வைத்து மூடிய நிலைக்கும், பின்முனைக்கு அருகே இன்னொன்றை வைத்துத் திறந்த நிலைக்கும் பயன்படுத்துகிறோம். இரண்டு கம்பியும் பெட்டியின் செங்குத்துப் பலகையில் போட்ட துளைகளில் போய் விழும். துளைக்குள் புஷ் என்கிற சின்ன ஸ்டீல் குழாய்த் துண்டு இறக்கியிருக்கிறோம், மரம் தேய்ந்து துளை பெரிதாகாது. காந்தம், கிளிப் வகையறா எதுவும் இந்த இடத்தில் நிற்காது.

சத்தத்துக்கு ஒரே வழி, மரமும் மரமும், மரமும் பிளாஸ்டிக்கும் தொட்டுக்கொள்ளும் எல்லா இடத்திலும் ஃபெல்ட் பட்டை. டிராயர் முகப்பு மூடும்போது மெல்லிய ரப்பர் பட்டையில் அழுந்தி நிற்க வேண்டும். பாத்திரங்களுக்கு நடுவே துண்டு. எந்த மூலையில் இருந்து சத்தம் வருகிறது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வேறொருவரைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

பெட்டியை வண்டியோடு கட்டுவது பற்றி. ஒரு நல்ல பெட்டி, உள்ளே சாமானோடு 80 கிலோவைத் தொடும். அது முன்சீட்டில் இருப்பவர்களின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதினாலே பின்னால் இருக்கிற சுமை தன் எடையைப் போல 20 மடங்குக்கு மேலான விசையோடு முன்னால் பாயும். கணக்குப் போட்டால் 1,600 கிலோ. அதனால் ரப்பர் ஷீட்டின் மேல் சும்மா உட்காரவைத்துவிட்டு, கனமாகத்தான் இருக்கிறதே, எங்கே போய்விடும் என்று இருக்கக் கூடாது. கம்பெனி கொடுத்திருக்கும் சாமான் கட்டும் வளையங்களில் நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள், அதாவது திருகி இறுக்கும் கொக்கி, போட்டு இறுக்க வேண்டும். நைலான் கயிறு வெயிலில் தளர்ந்துவிடும். ஓட்டும்போது இரண்டாம் வரிசை முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும், சுமைக்கும் நமக்கும் நடுவே அதுவும் ஒரு தடுப்பு. கனமானதெல்லாம் டிராயரின் அடியில், முன்பக்கமாக. படுக்கையை விரித்துவிட்டு யாரையும் அதில் படுக்கவைத்து ஓட்டாதீர்கள், குழந்தையாக இருந்தாலும் சரி. சீட் பெல்ட் இல்லாத இடம் அது.

சீட்டைக் கழற்றிவிட்டால் இன்னும் இடம் கிடைக்குமே என்று பலரும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எத்தனை சீட் என்பது ஆர்.சி.யில் இருக்கும் விவரம். எங்கள் பெட்டி சீட்டுகளை அப்படியே மடித்த நிலையில் விட்டு, வண்டியில் ஒரு துளைகூடப் போடாமல், நான்கு டர்ன்பக்கிளைக் கழற்றினால் வெளியே வந்துவிடும். பெட்டியை நீளவாக்கில் இரண்டாகப் பிரிக்கும்படி நடுவில் போல்ட் போட்டிருப்பதால் இரண்டு பேர் தூக்கி இறக்கலாம். சொந்தக்காரர்கள் வருகிறார்கள், ஏழு சீட்டும் வேண்டும் என்றால் அரை மணி நேர வேலை.

இன்னொன்று, பலகை அடிப்பதற்கு முன்னால் உங்கள் வண்டியின் ஜாக்கி எங்கே, ஸ்டெப்னியை இறக்கும் திருகு எங்கே என்று பாருங்கள். பல வண்டிகளில் ஏதாவது ஒன்று டிக்கித் தரையின் அடியில் இருக்கும். எங்கள் பெட்டிக்கு அடிப்பலகையே போடவில்லை, குறுக்குக் கட்டைகள் மட்டும்தான். எடையும் குறைகிறது, டிராயரை உருவிவிட்டால் தரை கைக்கு எட்டுகிறது. மழை பெய்யும் ராத்திரியில், மேட்டூர் ரோட்டில் டயர் பஞ்சரானால், மொத்தப் பெட்டியையும் இறக்கிவைத்தா ஸ்டெப்னி மாற்ற முடியும்?

மெத்தை இரண்டு இன்ச் ரீபாண்டட் ஃபோம், மூன்று துண்டாக, ஒவ்வொன்றுக்கும் தனி உறை. அதற்கு மேல் ஒரு மெல்லிய இலவம்பஞ்சு மெத்தை. போடி பக்கத்துப் பஞ்சு, சுருட்டி வைக்கலாம், வெயில் காலத்தில் ஃபோம் மாதிரி முதுகைச் சுடாது. ஆனால் ஈரம் பிடிக்கும். மூடிய வண்டிக்குள் இரண்டு பேர் ராத்திரி முழுக்க மூச்சுவிட்டால் விடியற்காலையில் கண்ணாடி எல்லாம் வியர்த்து வழியும், மெத்தையின் அடிப்பக்கமும் நனையும். அதற்காக மேல்பலகை முழுவதும் ஒரு இன்ச் துளைகளை அரை அடிக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் மெத்தையை மொட்டை மாடியில் காயவைத்துவிட்டுத்தான் மறுவேலை.

காற்று விஷயத்தில் விளையாடக் கூடாது. எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுக்கொண்டு தூங்கவே தூங்காதீர்கள். 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரில் இருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. நாங்கள் எதிரெதிர்க் கண்ணாடிகள் இரண்டை மூன்று விரல் அளவுக்கு இறக்கி, கதவின் மேல் கொசுவலையை உறைபோல மாட்டிவிடுவோம். ஐந்து வாட் யு.எஸ்.பி. ஃபேன் ஒன்று. 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்கில் 74 வாட் ஹவர் இருக்கிறது, இழப்பு போக ராத்திரி முழுக்கத் தாராளமாக ஓடும். வண்டியின் பேட்டரியைத் தொடவே வேண்டாம். சமவெளியில் சித்திரை, வைகாசியில் இதெல்லாம் போதாது, அந்த மாதங்களில் நாங்கள் வண்டியில் படுப்பதில்லை.

சமையல் எப்போதும் வெளியேதான். பியூட்டேன் டப்பாவின் மேல் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று போட்டிருக்கும். நம் ஊர் வெயிலில் மூடி நிறுத்திய வண்டிக்குள் அதைத் தாண்டுவது சாதாரணம். வெயிலில் வண்டியை விட்டுப் போகும்போது டப்பா பையில் கூடவே வரும். பெரிய சிலிண்டரை டிராயருக்குள் வைப்பது கூடவே கூடாது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் பெட்டிக்குள்ளேயே தேங்கும்.

செலவு, ஆசாரி கூலியும் மெத்தையும் சேர்த்து 25,000 ரூபாயை ஒட்டி வந்தது. அதில் பிளைவுட்டும் ஸ்டெயின்லெஸ் சாமான்களும்தான் பாதிக்கு மேல். மிச்சம் பிடிக்க வேண்டும் என்றால் டிராயரின் அலங்காரத்தில் பிடியுங்கள், பிளை தரத்திலும் ஸ்க்ரூவிலும் வேண்டாம்.

படுக்கும்போது தலை முன்பக்கம், கால் டிக்கிப் பக்கம். காற்று முன் கண்ணாடி வழியாகத்தான் நன்றாக வருகிறது. எழுந்து ஓட்டுநர் சீட்டுக்குப் போகவும் வெளியே இறங்க வேண்டியதில்லை. சாவி எப்போதும் ஒரே இடத்தில், கை எட்டும் தூரத்தில். தரை சாய்வாக இருந்தால் தலைப்பக்கம் மேடாக வருகிற மாதிரி நிறுத்துவோம். பலகையின் மேல் தண்ணீர் பாட்டிலைப் படுக்கவைத்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று சொல்லிவிடும். நிறுத்த நல்ல இடங்கள், நெடுஞ்சாலையில் கழிப்பறை உள்ள பெரிய பெட்ரோல் பங்குகள், அனுமதி கேட்டுக்கொண்டு கோயில் பார்க்கிங், தெரிந்த உணவகத்தின் முற்றம். பங்க் ஊழியரிடம் முதலிலேயே, "அண்ணா, காலைல அஞ்சு மணிக்குக் கிளம்பிருவோம், ஓரமா நிறுத்திக்கலாமா?" என்று கேட்டுவிட்டால் யாரும் மறுப்பதில்லை, ராத்திரியில் வந்து கண்ணாடியைத் தட்டுவதும் இல்லை.

காட்டுக்குள் இருக்கும் சாலைகளில் நிறுத்திப் படுக்க அனுமதி கிடையாது, படுக்கவும் கூடாது. பந்திப்பூர் வழியாக மைசூர் போகும் சாலை இரவு 9 மணியில் இருந்து காலை 6 மணி வரை மூடியிருக்கும். அந்தப் பக்கம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் கூடலூரிலேயே தங்கிவிடுகிறோம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இருந்து இ-பாஸ் வேண்டும், கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே எடுத்துவிடுங்கள்.